நெல் இலை ஓரம் காய்கிறதா? யூரியா தூவும் முன் ஒரு டம்ளர் தண்ணீரில் சோதியுங்கள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சம்பா நெல் வளர்ந்து நிற்கும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை வலுக்கிறது. மழை ஓய்ந்த ஒன்றிரண்டு வாரத்தில் சில வயல்களில் இலை நுனியும் ஓரமும் மஞ்சளாகி, வைக்கோல் நிறத்தில் காயத் தொடங்கும். சத்துக் குறைவு என்று நினைத்து உடனே யூரியா தூவுவோர் பலர். அது பாக்டீரியா இலைக்கருகல் நோயாக இருந்தால், செலவு செய்து நோயை வளர்த்ததாகிவிடும்.

நோய் வந்த இலையில் சத்து ஏன் குறைகிறது?

வேர் உறிஞ்சும் தண்ணீரும், அதில் கரைந்த சாம்பல், சுண்ணாம்பு, மெக்னீசியம் போன்ற சத்துகளும் இலை நரம்பில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாகவே மேலே செல்கின்றன. 'சாந்தோமோனாஸ் ஒரைசே' என்ற பாக்டீரியா, இலை ஓரத்து நீர்த்துளைகள் வழியாகவும், காற்றில் இலைகள் உரசிய காயங்கள் வழியாகவும் இந்தக் குழாய்களுக்குள் நுழைகிறது. அங்கே பெருகி, பசை போன்ற திரவத்தைச் சுரந்து குழாயை அடைக்கிறது. சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு ஏற்பட்டால் அதற்கு அப்பால் உள்ள செடி வாடுவது போலத்தான் இதுவும். தாக்கப்பட்ட செல்களில் இருந்த சாம்பல் சத்தும் வெளியே கசிந்துவிடும். மண்ணில் சத்து இருந்தும் இலைக்குப் போய்ச் சேராது.

இந்தப் பாக்டீரியாவுக்குத் தாமிரம் ஆகாது. சீன விஞ்ஞானிகள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சில பாக்டீரியா வகைகள் நெல்லின் ஒரு மரபணுவைத் தூண்டிவிட்டு, குழாயில் உள்ள தாமிரத்தைப் பயிரே அகற்றும்படி செய்வது தெரியவந்தது. தனக்குப் பகையான சத்தை நீக்கிவிட்டுப் பெருகுகிறது. இந்தத் தூண்டுதலுக்கு இணங்காத மரபணுவும், வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களும் சேர்க்கப்பட்டு, 2008-ல் வெளியான ரகம்தான் 'இம்ப்ரூவ்டு சம்பா மசூரி'. பி.பி.டி. 5204 நெல்லின் நோய் எதிர்ப்பு வடிவம் இது.

யூரியா ஏன் கெடுதல்?

தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகி, பயிர் அடர்ந்து, ஈரம் காயாமல் நிற்கும். பாக்டீரியாவுக்கு இதுவே வசதி. கண்ணாடி இலை கருகினால் பால் பிடிப்பது குறைந்து பதர் கூடும்.

எப்படிக் கண்டறிவது?

• சாம்பல் சத்துக் குறைவு அடி இலைகளில் தொடங்கும். வயலில் பரவலாகத் தெரியும்.

• இலைக்கருகல் திட்டுத்திட்டாகத் தொடங்கும். மேல் இலைகளிலும் வரும். காய்ந்த பகுதியின் ஓரம் அலை அலையாக இருக்கும். காலையில் புதிய காயங்களின் மேல் பால் போன்ற துளிகள் தெரியும். வெயிலில் அவை மஞ்சள் மணிகளாக உறையும்.

• சந்தேகம் இருந்தால், பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து சில நிமிடங்களில் புகை போலக் கலங்கல் இறங்கினால் அது பாக்டீரியா.

• இலையைச் சத்துப் பரிசோதனைக்குக் கொடுப்பதானால் கருகிய இலையைத் தவிர்த்து நல்ல இலையைக் கொடுங்கள். கருகிய இலை மண்ணின் நிலையைச் சரியாகக் காட்டாது.

என்ன செய்ய வேண்டும்?

1. நோய் கட்டுப்படும் வரை யூரியா மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள்.

2. தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். நோயுள்ள வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்ச வேண்டாம்.

3. 20 சதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டி, நோய் தெரிந்தவுடன் ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கலாம்.

4. ஏக்கருக்கு 500 கிராம் காப்பர் ஹைட்ராக்சைடு 77 டபிள்யூ.பி. மருந்தை 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம். இது இலையின் மேல் உள்ள பாக்டீரியாவைத்தான் தடுக்கும். குழாய்க்குள் புகுந்ததை அழிக்காது. எனவே நோயின் தொடக்கத்திலேயே தெளிப்பது முக்கியம்.

5. அடுத்த போகத்தில் நாற்றின் நுனியைக் கிள்ளி நட வேண்டாம்; அந்தக் காயமே பாக்டீரியாவுக்கு வாசல். தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் அடியுரம், தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்காகப் பிரித்து இடுங்கள்.

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். அதுபோன்ற காற்றும் வெள்ளமும் இலையைக் காயப்படுத்தி, பாக்டீரியாவை வயலுக்கு வயல் கொண்டு சேர்க்கும். எனவே பெருமழை முடிந்ததும் உரக்கடைக்குப் போகும் முன் வயலைச் சுற்றி வாருங்கள். சந்தேகம் தீராவிட்டால், நோயுள்ள இலைகளோடு திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தையோ அணுகலாம்.