பின்சக்கரப் பிரேக்கும் அதன் பிணிகளும்

மோட்டார் காரை ஓட்டக் கற்றவர் பலர். அதனை நிறுத்தும் கருவியின் இயல்பை அறிந்தவர் சிலரே. முன்சக்கரத்துப் பிரேக் பேட்டுகளைத் தம் கையாலேயே மாற்றப் பழகியவரும், பின்சக்கரத்தை அணுகுங்கால் இடர்ப்படுதல் கண்கூடு. அதன் காரணத்தையும், அவ்விடரை நீக்கும் முறைகளையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

டிஸ்க் பிரேக் என்பது, பிரெடெரிக் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியறிஞர் 1902-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்ற அமைப்பாகும். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகட்டை இரு பேட்டுகள் இருபுறமும் பற்றி நிறுத்துகின்றன. அவற்றைத் தாங்கி நிற்கும் பிடியே காலிப்பர். பெடலை மிதிப்பின், பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பரிலுள்ள பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பேட்டைத் தள்ளும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நீண்டு வரும். ஆதலின், தடித்த புதிய பேட்டை இடுமுன் பிஸ்டனை உள்ளே செலுத்துதல் இன்றியமையாதது.

முன்சக்கரத்தில் இஃது எளிது. கிளாம்ப் கொண்டு நேரே அழுத்தினால் பிஸ்டன் உட்செல்லும். பின்சக்கரத்திலோ, பல கார்களில் ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பரினுள் அமைந்துளது. ஆயில் தள்ளுவது போலவே கேபிளும் அப்பிஸ்டனைத் தள்ளல் வேண்டுமாதலின், அதனுள் திருகாணி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. திருகாணியை அடித்து இறக்குவார் உண்டோ? அவ்வாறே இப்பிஸ்டனையும், அதன் முகத்துப் பள்ளங்களிற் பொருந்தும் கருவியால் அழுத்திக்கொண்டே திருகுதல் வேண்டும். பெரும்பாலும் வலஞ்சுழியாகத் திருகினால் உட்செல்லும். சில கார்களில் ஒரு பக்கத்துப் பிஸ்டன் இடஞ்சுழியாகச் சுழலும். அக்காருக்குரிய பழுதுபார்ப்புக் கைந்நூல் இதனைத் தெளிவிக்கும். இஃதறியாது கிளாம்பை முறுக்குவோர் உள்ளிருக்கும் பொறியைச் சிதைத்துக் காலிப்பரையே இழப்பர். மின்மோட்டாரால் இயங்கும் ஹேண்ட் பிரேக் உள்ள கார்களிலோ, முதலில் அதனைப் பழுதுபார்க்கும் நிலைக்குக் கொணர்தல் வேண்டும். பலவற்றில் இதற்கு ஸ்கேனர் தேவைப்படும்.

முறைப்படி திருகியும் பிஸ்டன் அசையாவிடின் வலிமையைக் கூட்டற்க, காரணத்தைத் தேடுக. முதலாவது, ஹேண்ட் பிரேக் விடுவிக்கப்பட்டுளதா என நோக்குக. கேபிள் துருவேறி இறுகினால், காலிப்பரின் நெம்புகோல் தன் நிலைக்கு மீளாது, பிஸ்டனும் இடங்கொடாது. இரண்டாவது, காற்று நீக்கும் திருகைச் சிறிது தளர்த்துக. அப்பொழுது பிஸ்டன் உட்செல்லுமாயின், குற்றம் பிஸ்டனதன்று. உள்ளே அடைபட்ட ரப்பர்க் குழாயதே எனக் கருதலாம். மூன்றாவது, அதன் பின்னரும் அசையாவிடின், பிஸ்டன் துருப்பிடித்து இறுகியதென்க. அதற்குக் காலிப்பரைப் பழுது பார்த்தலோ மாற்றுதலோ வேண்டும்.

கழற்றிய பழைய பேட்டுகளும் நமக்குச் சான்று பகரும். உட்புறப் பேட் மிகத் தேய்ந்து வெளிப்புறப் பேட் தடித்திருப்பின், காலிப்பர் வழுக்கிச் செல்லும் பின்கள் இறுகியிருத்தல் கூடும். அவற்றைத் துடைத்து, பிரேக்குக்கென்றே செய்த கிரீஸைத் தடவுக. பிற கிரீஸ் ரப்பர் உறைகளை உப்பச் செய்யும். புதிய பேட்டின் முதுகில் சிறு முளை இருப்பின், அது பிஸ்டனின் பள்ளத்திற் பொருந்த வேண்டும். பொருந்தாவிடின் பேட் சாய்ந்து தேயும்.

இப்பணியில் ஹேண்ட் பிரேக் விடுவிக்கப்படுதலின், சமதரையில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின்கீழ்ப் புகற்க; தாங்கிகளை வைக்க. கழற்றிய காலிப்பரை ரப்பர்க் குழாயில் தொங்கவிடற்க. கம்பியாற் கட்டி நிறுத்துக. பணி முடிந்தபின், பெடல் உறுதியாகுங்காறும் பன்முறை மிதித்து, ஆயிலின் அளவையும் நோக்கிய பின்னரே காரை நகர்த்துக. இதனை மறந்தவரின் முதல் மிதிக்குப் பெடல் தரையைத் தொடும், கார் நில்லாது.

பேட்டின் விலை சிறிது. அதனை நம்பிச் செல்லும் உயிர்களோ விலையற்றன. ஆதலின், ஐயம் தீராவிடத்துத் தேர்ந்த மெக்கானிக்கை நாடுதல் இழுக்கன்று. அறியாது முறுக்குதலே இழுக்கென்பது எம் துணிபு.