ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு வெந்நீர்த் தொட்டி

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் பெரிய அடுப்புகள் பல ஒரே சிலிண்டரில் எரிந்தால், சிலிண்டரின் அடிப்பாகம் முதலில் வியர்க்கும். பிறகு வெண்பனி படியும், தீயும் அடங்கிவிடும். சிலர் அதை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி ஒப்பேற்றுவார்கள். ஆபத்தான வேலை, செய்யவே கூடாது. ஆனால் வெந்நீரைக் கொண்டு வாயுவுக்குச் சூடு ஏற்றும் அதே யோசனை, தகுந்த கட்டுப்பாடுகளோடு, பிரிட்டனின் எரிவாயு நிலையங்களில் அன்றாடம் நடக்கிறது.

அங்கே நாடு முழுவதும் ஓடும் பெருங்குழாய்களில் இயற்கை எரிவாயு 94 பார் அழுத்தம் வரை செல்லும். வீட்டு அடுப்புக்கு வேண்டியதோ 21 மில்லிபார்தான். ரெகுலேட்டர்களைக் கொண்டு படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் வாயு குளிரும், முதற்படியில்தான் குளிர் அதிகம்.

சிலிண்டர் குளிர்வது உள்ளிருக்கும் திரவம் ஆவியாவதால். இங்கே திரவமே கிடையாது. நெருக்கமாக இருந்த மூலக்கூறுகள் ரெகுலேட்டரின் இடுக்கைத் தாண்டியதும் விலகுகின்றன. ஒன்றையொன்று இழுக்கும் விசையை மீறி விலக ஆற்றல் வேண்டும். வெளியிலிருந்து வெப்பம் வர நேரமில்லை. தம் வேகத்திலிருந்தே அதை எடுத்துக்கொள்கின்றன. 1850களில் ஜூலும் தாம்சனும் ஆராய்ந்து காட்டிய விளைவு இது. ஒரு பார் குறைந்தால் ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் குறையும். 70 பாரை 25 பாராக்கினால் இருபது டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் வாயு, உறைநிலைக்குக் கீழே 15 டிகிரிக்கும் தாழ இறங்கும்.

அப்படி விட்டால் குழாயைச் சுற்றியுள்ள மண்ணின் ஈரம் உறைந்து தரை மேலெழும்பும். ரெகுலேட்டரின் ரப்பர் பாகங்கள் விறைக்கும். வாயுவில் ஈரம் மிச்சமிருந்தால் இன்னும் மோசம்: நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி மீத்தேனை உள்ளே அடைத்துக்கொள்ளும். நனைந்த பனிபோல் இருக்கும் இந்தத் திடப்பொருளின் பெயர் ஹைட்ரேட். தீ வைத்தால் எரியும். 70 பாரில் இது 9 டிகிரியில்கூட உருவாகும். அமெரிக்கக் குழாய்களை அடைத்தது வெறும் பனிக்கட்டியல்ல, இதுதான் என்று 1934இல் ஹேமர்ஷ்மிட் என்ற ஆய்வாளர் காட்டினார். பெரிய ரெகுலேட்டரை ஆட்டிவைக்கும் பைலட் என்னும் சிறு ரெகுலேட்டரின் நுண்துளையில் துளி ஹைட்ரேட் சேர்ந்தாலே போதும், அழுத்தம் கட்டுப்பாட்டை விட்டு விலகிவிடும்.

அடைப்பு விழுவது அந்த இடுக்கிலேயே. தாண்டியபின் சூடேற்றி என்ன பயன்? அதனால்தான் முன்கூட்டியே சூடு. பழைய, நம்பகமான ஏற்பாடு இது: நீளமான தொட்டியில் உறையாமலிருக்கக் கிளைகால் கலந்த தண்ணீர். அடியில் ஓடும் குழாய்க்குள் பர்னர் எரியும். மேலே உள்ள சுருள் வழியாக எரிவாயு போகும். தீ தண்ணீரை மட்டுமே சூடாக்கும், எரிவாயுக் குழாயைத் தொடாது. ரெகுலேட்டருக்கு அப்பால் உள்ள உணரி, வெளியேறும் வாயு உறைநிலைக்கு மேலே இருக்கும்படி பர்னரைக் கூட்டிக் குறைக்கும்.

பர்னருக்கு எரிபொருளும் அதே வாயுதான். கணக்குப் போட்டால் கடந்துபோகும் வாயுவில் ஆயிரத்துக்கு ஓரிரு பங்கு. அற்பமாகத் தோன்றினாலும் நாடு முழுக்கக் கூட்டினால் பெரிய செலவு. அதை ஈடுகட்ட, ரெகுலேட்டருக்குப் பதில் டர்பைன் வைத்து மின்சாரம் எடுக்கலாம். ஆனால் டர்பைனைச் சுழற்றும் வாயு இன்னும் அதிகமாகக் குளிரும், முன்சூடும் கூடுதலாக வேண்டும். அருகில் ஓர் ஆலையின் வீண்வெப்பம் கிடைக்கும் இடத்தில்தான் அது உண்மையான இலாபம்.