நிலைத்த கிளையும் திருத்தத்தின் பொருத்தப்பாடும்: லினக்ஸ் கெர்னல் பராமரிப்பை முன்வைத்து

முன்னுரை

கட்டற்ற மென்பொருள்கள் பலவும் இருவகைக் கிளைகளாகப் பேணப்படுகின்றன. புதிய வசதிகள் சேர்ந்துகொண்டே இருப்பது முதன்மைக் கிளை. முன்பே வெளியான ஒரு பதிப்பிற்குப் பிழைதிருத்தங்களை மட்டும் ஏற்பது நிலைத்த கிளை. வழங்கிக் கணினிகள் முதல் கைப்பேசிகள் வரை பெரும்பாலானவை நம்பியிருப்பது பின்னதையே. லினக்ஸ் கெர்னலில் இம்முறை 2005 மார்ச்சில் 2.6.11.1 வெளியீட்டுடன் தொடங்கியது. முதன்மைக் கிளையில் சரியாக இயங்கும் திருத்தம் நிலைத்த கிளையிலும் சரியாகவே இயங்கும் என்னும் எண்ணம் இதன் அடிப்படையில் உள்ளது. அவ்வெண்ணம் பிழைக்கும் இடத்தை இக்கட்டுரை ஒரு நிகழ்வின்வழி விளக்குகிறது.

சேர்க்கை விதிகள்

நிலைத்த கிளையில் சேரும் திருத்தமோ அதற்கு நிகரானதோ முதன்மைக் கிளையில் முன்பே இடம்பெற்றிருத்தல் வேண்டும். சூழ்வரிகள் உட்பட 100 வரிகளுக்கு மிகாதிருத்தல் வேண்டும். பயனரை உண்மையில் பாதிக்கும் பிழையைத் தீர்ப்பதாகவும் அமைதல் வேண்டும். தேர்ந்த திருத்தங்களின் தொகுதி மீளாய்வுக்கு வைக்கப்படும். மறுப்புரைக்கக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 48 மணிநேரம். ஒரு திருத்தம் வேறொரு மாற்றத்தைச் சார்ந்திருப்பின், அதனை எழுதியவரே அச்சார்பைக் குறிப்பிடவும் விதியில் இடமுண்டு. ஆயினும் முதன்மைக் கிளையில் பணியாற்றுபவருக்கு அச்சார்பு கண்ணில் படுவது அரிது. அவர்முன் உள்ள நிரலில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

6.1.64 வெளியீடு

2023 நவம்பர் இறுதியில் வெளிவந்த 6.1.64இல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கான திருத்தம் ஒன்று சேர்க்கப்பட்டது. இடைத்தேக்கத்தைத் தவிர்த்து வட்டில் நேரடியாக எழுதும்போது கோப்பின் அளவு உரியவாறு பதிவாகாத குறையை அது நீக்கியது. முதன்மைக் கிளையில் அதில் குற்றமில்லை. ஆனால், எழுதி முடித்தபின் கோப்பில் அடுத்து எழுதவேண்டிய இடத்தைக் கணக்கிடும் முறை 6.5 பதிப்பில் மாற்றப்பட்டிருந்தது; புதிய திருத்தம் அம்மாற்றத்தைச் சார்ந்து நின்றது. 6.1 கிளைக்குத் திருத்தம் வந்தது, அதன் சார்பு வரவில்லை. வரிகள் முரணின்றிப் பொருந்தின. நிரலும் தடையின்றித் தொகுக்கப்பட்டது. இயங்கும்போது மட்டும் இடக்கணக்குப் பிழைபட்டுத் தரவு சிதைய வழியேற்பட்டது. ஒரு சுவடியின் நல்ல பாடத்தை, அதற்கு இடங்கொடுத்த முன்வரிகள் இல்லாத வேறொரு சுவடிக்குள் கொணரும் பதிப்பாசிரியர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இத்தகையதே.

டெபியன் 12.3 வெளியீடு டிசம்பர் 9ஆம் நாள் இதே கெர்னலுடன் வரவிருந்தது. சிக்கல் தெரிந்ததும் அது நிறுத்தப்பட்டது. கணினிகளை மேம்படுத்த வேண்டா எனப் பயனர்கள் அறிவுறுத்தப்பட்டனர். மறுநாள் 6.1.66 கெர்னலுடன் 12.4 வெளிவந்தது. தானியங்கி மேம்படுத்தலை நம்பியிருந்தவர்களே இங்கு மிகுதியும் இடருக்கு ஆளாயினர் என்பது கருதத்தக்கது. புதுமையை நாடாது பாதுகாப்பை நாடியவர்கள் அவர்கள்.

சோதனையின் இடம்

முரணின்றிப் பொருந்துதல் வேறு, பொருள்படப் பொருந்துதல் வேறு. முன்னதைக் கருவியே காட்டிவிடும். பின்னதை அந்தந்தக் கிளையில் இயக்கிப் பார்த்தாலன்றி அறிய இயலாது. முதன்மைக் கிளையில் பெற்ற சோதனை முடிவை நிலைத்த கிளைக்குச் சான்றாகக் கொள்வது, மேற்கண்ட நிகழ்வை நோக்கப் போதாததாகவே தோன்றுகிறது.

எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பேணுவோர் இதற்கு வேறு வழி கண்டனர். தம் பகுதிக்குரிய திருத்தங்களைத் தானியங்கித் தேர்வுக்கு விடாமல், ஒவ்வொரு நிலைத்த கிளைக்கும் தனிப் பொறுப்பாளர் திருத்தங்களைத் தேர்ந்து, கோப்பு முறைமைச் சோதனைத் தொகுப்பை அக்கிளையிலேயே இயக்கி, அதன்பின்னரே அனுப்புகின்றனர். இம்முறையில் திருத்தங்கள் காலந்தாழ்ந்தே பயனரை அடைகின்றன. பொறுப்பேற்க ஆளில்லாத கிளைக்கு அவை வராமலே போவதும் உண்டு. பாதுகாப்புக் குறையைத் தீர்க்கும் திருத்தத்திற்கு இத்தாமதம் சிறிதன்று. கோப்பு முறைமையில் நிலை வேறு. தாமதத்தால் விளையும் குறையைப் பின்னர் வரும் திருத்தம் போக்கிவிடும். சிதைந்த கோப்பை எத்திருத்தமும் மீட்டுத் தாராது.