வைஃபை ரௌட்டரிலேயே குடும்ப ஆல்பம்... எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

அப்பாவின் போனில் பேரனின் பிறந்தநாள் வீடியோ, அக்காவின் லேப்டாப்பில் கல்யாணப் படங்கள், ஏதோ ஒரு பென் டிரைவில் தாத்தாவின் சதாபிஷேகம்... பல வீடுகளில் குடும்பப் படங்கள் இப்படித்தான் ஆளுக்கொரு பக்கம் கிடக்கின்றன. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடமும் சீக்கிரமே நிரம்பிவிடுகிறது. மாதாமாதம் பணம் கட்டாமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்க முடியாதா?

உங்கள் வைஃபை ரௌட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே யு.எஸ்.பி. போர்ட் இருந்தால், பெரும்பாலும் முடியும்!

எப்படி இணைப்பது?

போர்ட்டில் ஹார்டு டிஸ்க்கைச் செருகுங்கள். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற முகவரி இருக்கும். அதை பிரவுசரில் திறந்து, 'யு.எஸ்.பி. ஸ்டோரேஜ்' பகுதியில் ஷேரிங்கை ஆன் செய்து, பாஸ்வேர்டு கொடுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.1 என இரண்டு சாய்கோடுகளுடன் தட்டினால் டிஸ்க் தெரியும். ஐபோனில் 'ஃபைல்ஸ்' ஆப்பில் உள்ள 'கனெக்ட் டு சர்வர்' மூலம் திறக்கலாம். ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் வசதியுள்ள ஃபைல் மேனேஜர் ஆப் போதும்.

கவனிக்க வேண்டியவை

* டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. வேறு முறைக்கு ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

* யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான் தரும். டிஸ்க் அடிக்கடி நின்று நின்று ஓடினால், தனி அடாப்டர் உள்ள டிஸ்க் நல்லது.

* வேகத்தைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். படம் பார்க்கலாம், மொத்த ஆல்பத்தையும் ஏற்ற நேரம் பிடிக்கும்.

* பழைய ரௌட்டர்கள் சில 'எஸ்.எம்.பி.1' என்ற பழைய முறையையே பயன்படுத்துகின்றன. 2017 மே மாதம் உலகை அலறவைத்த 'வான்னாக்ரை' வைரஸ் பரவியது இதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் அதை ஆன் செய்யச் சொல்லிக் கேட்டால், ரௌட்டரின் மென்பொருளை அப்டேட் செய்து பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் அந்த ரௌட்டரில் இந்த வசதியே வேண்டாம்.

* வெளியூரிலிருந்து இணையம் வழியாகத் திறக்கும் வசதியை ஆஃப் செய்துவிடுங்கள்.

* டிஸ்க்கைச் சட்டென்று பிடுங்காதீர்கள். ரௌட்டர் பக்கத்தில் 'ரிமூவ்' கொடுத்த பிறகே கழற்றுங்கள். அடிக்கடி மின்வெட்டு இருந்தால் ரௌட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். அவசியம்.

இன்னொரு பிரதி எங்கே?

எல்லோரும் திறக்கலாம் என்றால் எல்லோரும் அழிக்கவும் செய்யலாம். குழந்தை தெரியாமல் ஒரு போல்டரை அழித்தால், அது பெரும்பாலும் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, அப்படியே போய்விடும். வீட்டில் ஒரு லேப்டாப்பில் வைரஸ் புகுந்தால் இந்த டிஸ்க்கையும் அது தொட முடியும். டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு.

அதனால் இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் மாதம் ஒருமுறை நகல் எடுங்கள். அதை எதிலும் செருகி வைக்காமல் பீரோவிலோ, உடன்பிறந்தவர் வீட்டிலோ வையுங்கள். 'இடம்தான் கிடைத்துவிட்டதே' என்று போனில் உள்ள படங்களை அழிக்கும் முன், அந்த இரண்டாவது பிரதி திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்!