மாரி மழையும் மொட்டை டயரும்

எமது ஊர்களில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் கிடக்கும் ஈரம் மட்டும்தான். கனடாவில் பனி என்பது வீதியை மூடிக் குவிந்து கிடப்பது. அங்கே வாழும் எம்மவர்கள் காருக்கு இரண்டு சோடி டயர்கள் வைத்திருக்கின்றார்கள். கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு இன்னொன்று. இதைக் கேட்ட எமது மகளிர் குழுச் சகோதரி ஒருவர், "ஓடுறது ஒரு கார், அதுக்கு ரெண்டு செற் டயரா? காசு கூடினா இப்படித்தான்" என்று சிரித்தார். அது வீண் செலவுதானா? அந்தக் கேள்விக்கான விடை, மழைநாளில் ஸ்கூட்டியிலும் ஓட்டோவிலும் உழைத்துச் சாப்பிடும் எமக்கும் தேவைப்படுகின்றது.

சாதாரண டயரின் றப்பர், ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் இறுகத் தொடங்கும். இறுகிய றப்பர் வீதியைப் பிடிக்காது. குளிர்கால டயர் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்படுகின்றது. அதன் மேற்பரப்பில் மெல்லிய வெட்டுக்கள் நிறைய இருக்கும். அவை பனியைக் கவ்விப் பிடிக்கும். இதனால்தான் கனடாவின் கியூபெக் மாகாணம் 2008 இலிருந்து இதனைச் சட்டமாக்கியது. இப்போது அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். எம்மவர்கள் அதிகம் வாழும் ரொறன்ரோ இருக்கின்ற ஒன்ராரியோவில் கட்டாயமில்லை. ஆனாலும் அதைப் பூட்டுபவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்பது 2016 இலிருந்து விதியாக உள்ளது. ஒரு சோடி ஓடும்போது மற்றச் சோடி ஓய்வாக இருப்பதால் இரண்டும் கூடிய காலம் உழைக்கும். ஆகவே செலவு இரட்டிப்பாவதும் இல்லை.

அந்த டயர் எமக்கு உதவாது. எமது வெயிலில் அந்த மென்மையான றப்பர் விரைவாகத் தேய்ந்து போகும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கின்ற கணக்கு எமக்கும் பொருந்தும். ஆபத்தான காலம் எது என்று முன்கூட்டியே தெரியும். அந்தக் காலம் வருமுன்னர் டயரைக் கவனிக்க வேண்டும் என்பதே அந்தக் கணக்கு.

எமது ஆபத்தான காலம் மாரி. ஒக்டோபரில் தொடங்கும் மழை, வடகீழ்ப் பருவக்காற்றோடு பெப்ரவரி வரை நீடிக்கும். பெரும்போகத்துக்கு வட்டைக்குப் போய்வரும் உழவு மெசின்கள் சேற்றை வீதியில் விட்டுச் செல்லும். கடற்கரைப் பக்கத்து உள்வீதிகளில் மணல் பரவிக் கிடக்கும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை இன்னும் மோசமானது. வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து சவர்க்காரம் பூசியது போல் வழுக்கும்.

டயரில் இருக்கும் கான்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. வீட்டுக்கு முன்னால் ஓடும் கான் மழைநீரைக் கொண்டு செல்வது போல, டயருக்கும் வீதிக்கும் இடையில் சிக்கும் தண்ணீரை அவை வெளியே தள்ளுகின்றன. கான் தேய்ந்துவிட்டால் தண்ணீர் போக வழியில்லை. டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். அந்த நேரத்தில் பிறேக்கும் பிடிக்காது, ஹாண்டிலும் கேட்காது.

பெண் தலைமைக் குடும்பங்களைச் சந்திக்கும் எனது வேலையில் ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பக் காண்கின்றேன். கணவன் இல்லாமற் போன பின்னர் வண்டி மனைவியின் கைக்கு வருகின்றது. அதை ஓட்டவும் பழகிக் கொள்கின்றார். மருதமுனைச் சாரன்களையும் சாரிகளையும் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்கின்றார். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்கின்றார். ஆனால் வண்டியைப் பற்றிய அறிவு மட்டும் ஆண்களிடமே நின்றுவிடுகின்றது. டயர் கடையில் எதைச் சொல்கின்றார்களோ அதைக் கேட்டு வருகின்றார். "ராத்தா, இது இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்றால் சரி, "இண்டைக்கே மாத்தணும்" என்றாலும் சரி. உண்மையைச் சோதிக்கும் வழி அவரிடம் இல்லை. இது அவரது குறையல்ல. வண்டி ஆணுடைய பொருள் என்று எமது சமூகம் பழக்கி வைத்ததன் விளைவு இது.

நான்கு விடயங்களைத் தெரிந்து கொண்டால் அந்தச் சோதனையை நீங்களே செய்யலாம்.

முதலாவது, தேய்மான அடையாளம். கானுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஆங்காங்கே சிறு மேடுகள் தட்டுப்படும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகி விட்டால் டயரின் காலம் முடிந்தது. புதிய கார் டயரில் கான் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். அடையாள மேட்டின் உயரம் 1.6 மில்லிமீற்றர். மோட்டார் சைக்கிளில் அது இன்னும் குறைவு. மாரியில் மேடு சமமாகும் வரை காத்திருக்காமல் முன்னரே மாற்றுவது நல்லது.

இரண்டாவது, டயரின் வயது. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3521 என்றிருந்தால் 2021 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓடாமல் கிடந்தாலும் றப்பர் காய்ந்து வெடிக்கும். பாவித்த டயர் வாங்குபவர்கள் இதைப் பார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, காற்று. இரு வாரத்துக்கு ஒரு தடவை, வண்டி ஓடிச் சூடாகுமுன் பார்க்க வேண்டும். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும் என்று சிலர் சொல்வார்கள். தார் வீதியில் அது பிழை. காற்றுக் குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்ளே ஒடுங்கித் தண்ணீரை வெளியே தள்ளாது.

நான்காவது, மலிவு வழிகள். மொட்டை டயரில் கத்தியால் புதிதாகக் கான் வெட்டித் தந்தால் வாங்காதீர்கள். எஞ்சியிருந்த றப்பரும் அதில் போய்விடும். ரீபில்ட் பண்ணிய டயர் லொறியின் பின்சில்லுக்குப் பொருந்தலாம். மோட்டார் சைக்கிளுக்கும், முன்னால் ஒரே ஒரு சில்லு உள்ள ஓட்டோவின் முன்பக்கத்துக்கும் அது வேண்டாம். அந்த ஒரு சில்லு போனால் தாங்குவதற்கு வேறொன்று இல்லை.

காசு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2020 இல் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்தது. அதன் பின்னர் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அதனால்தான் "இந்த மழை முடியட்டும், பொறகு மாத்துவம்" என்ற பேச்சை ஒவ்வொரு மாரியிலும் கேட்கின்றோம். ஆனால் இது ஒழுங்கு மாறிய கணக்கு. மழை முடிந்த பிறகு வாங்கும் புது டயர், அதன் நல்ல கானை வெயிலில் தேய்த்துவிட்டு அடுத்த மாரிக்குப் பாதியாக வந்து நிற்கும். செப்டெம்பரில் வாங்கினால் ஆழமான கான் மழைக்குக் கிடைக்கும். சித்திரையில் இருந்து ஒவ்வொரு நாளும் சிறு தொகையை உண்டியலில் போட்டு வரலாம். குழுவாகச் சீட்டுப் பிடிப்பவர்கள் செப்டெம்பர்ச் சீட்டை வண்டி ஓட்டும் சகோதரிக்கு விட்டுக் கொடுக்கலாம். கை முறிந்து ஒரு மாதம் வீட்டில் இருந்தால், இல்லாமற் போவது ஒரு மாத உழைப்பு முழுவதும். அத்தோடு பின்னால் இருப்பது பெரும்பாலும் எமது பிள்ளை.

நல்ல டயர் இருந்தாலும் மழையில் மெதுவாகவே போக வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். தலைக்கவசம் பின்னால் இருப்பவருக்கும் வேண்டும்.

எந்த டயராலும் காப்பாற்ற முடியாத ஒன்றும் உண்டு. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அள்ளிச் சென்றது. பிள்ளைகளை இழந்த அந்தத் தாய்மாரின் துயரத்தை எமது பிரதேசம் மறக்காது. ஓடும் தண்ணீர் ஓரடி உயர்ந்தாலே சிறு காரை மிதக்க வைக்கும். இரண்டடி உயர்ந்தால் பெரிய வாகனத்தையும் இழுத்துச் செல்லும். வீதியைத் தண்ணீர் குறுக்கறுத்தால் திரும்பி வாருங்கள். அன்றைய வியாபாரம் போனால் போகட்டும்.

சகோதரிகளே, இந்த இதழை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் குந்துங்கள். கானுக்குள் விரலை விடுங்கள், நான்கு இலக்கத்தை வாசியுங்கள். அதன் பிறகு டயர் கடைக்குப் போங்கள். அங்கே என்ன வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம்.