சோஃபா டு சர்க்யூட்!

நாளைக்கு இன்டர்னல் டெஸ்ட். ராத்திரி ரெண்டு மணி. மடியில புக்கு, கையில கேம் கன்ட்ரோலர். ஸ்க்ரீன்ல கார் பறக்குது. "இதுவா நாளைக்குச் சோறு போடப் போகுது?"ன்னு வீட்டுல திட்டு வாங்கின ஆளா நீங்க? அப்போ இந்தக் கதை உங்களுக்குத்தான்.

ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஓர்டோனியஸுக்கு நிஜமாவே சோறு போட்டுச்சு பாஸ்! 2008-ல் அவர் எம்.பி.ஏ. மாணவர். அந்த வருஷம் நிஸானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 'ஜி.டி. அகாடமி'ங்கிற போட்டியை ஆரம்பிச்சாங்க. 'கிரான் டூரிஸ்மோ' கேமில் வேகமா ஓட்டுறவங்களை வடிகட்டி, நிஜ ரேஸ் டிரைவராக மாத்துறதுதான் திட்டம். 25,000 பேருக்கு மேல் மோதினாங்க. கடைசி ரவுண்டு இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ட்ராக்கில், நிஜ காரில்! அதில் தேறிய லூகாஸ், 2009 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் இறங்கினார். 2011-ல் உலகப் புகழ்பெற்ற லீ மான்ஸ் 24 மணி நேர ரேஸில், எல்.எம்.பி.2 பிரிவில் அவரோட டீமுக்கு இரண்டாவது இடம்!

மூணே வருஷம்! 'அட, இவ்ளோதானா?'ன்னு கன்ட்ரோலரைத் தேடாதீங்க. மேட்டர் இனிமேல்தான் இருக்கு.

குரூப் ப்ராஜெக்ட் மாதிரி!

எண்டூரன்ஸ் ரேஸ்னா, யார் வேகம்ங்கிறதைவிட யார் தாக்குப்பிடிக்கிறாங்கங்கிற ரேஸ். லீ மான்ஸில் ஒரே காரை மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டணும். ஒரு சுத்து 13.626 கிலோமீட்டர். எந்த ஆறு மணி நேரத்தை எடுத்துக்கிட்டாலும் ஒருத்தர் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தமா 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மீதி நேரம் தூக்கம் வராத தூக்கம்!

ட்ராக்கில் எல்லாக் காரும் ஒரே வேகமும் கிடையாது. பெரிய கார்கள் பின்னாடியிருந்து சீறிட்டு வரும். ராத்திரியில் கண்ணாடியில் தெரியற ஹெட்லைட் எந்தப் பிரிவு கார், எவ்வளவு சீக்கிரம் நம்மைத் தாண்டும்னு கணக்குப் போட்டுக்கிட்டே வளைவுல திரும்பணும். உள்ளே அனல். வளைவுக்கு வளைவு கழுத்தை யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும். இதெல்லாம் சோஃபாவில் கிடைக்காத அனுபவம்.

காலேஜ் குரூப் ப்ராஜெக்ட் ஞாபகம் இருக்கா? ரெண்டு பேர் உயிரைக் கொடுத்து வேலை பார்ப்பாங்க. மூணாவது ஆள் கடைசி நாள்ல சொதப்பினா, மூணு பேருக்கும் மார்க் காலி. இங்கேயும் அதேதான். ஒரு சுத்துல ஹீரோவாகறவரை டீம் தேடுறதில்லை. நூறு சுத்தும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஓட்டி, கீறல் இல்லாம காரை அடுத்தவர் கையில் கொடுக்கிறவரைத்தான் தேடுது.

அமெச்சூருக்கு ரிசர்வேஷன்!

ஆச்சரியமான விஷயம், இந்த விளையாட்டுக்கு அமெச்சூர்கள் கட்டாயம் வேணும். டிரைவர்களை பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ்னு எஃப்.ஐ.ஏ. தரம் பிரிக்குது. உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பின் எல்.எம்.ஜி.டி.3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு பிரான்ஸ் டிரைவராவது இருந்தே ஆகணும். பெரும்பாலும் அந்த சீட்டில் உட்காருவது, செலவைத் தாங்கக்கூடிய தொழிலதிபர்கள். பணம் இல்லாத திறமைசாலிக்குக் கதவைத் திறந்ததுதான் ஜி.டி. அகாடமியின் பெருமை.

2011-ல் அதில் ஜெயிச்ச கார்டிஃப் பையன் ஜான் மார்டன்பரோவுக்கு வயசு 19. 2013 லீ மான்ஸில் ஜான், லூகாஸ், அனுபவசாலி மைக்கேல் க்ரும் மூணு பேரும் ஒரே காரில்! எல்.எம்.பி.2 பிரிவில் நாலாவதாக வந்தாங்க. முன்னால் வந்த ஒரு கார் தகுதி நீக்கம் ஆனதால், மூணாவது இடம் கிடைச்சது.

ரீஸ்டார்ட் பட்டன் இல்லை

2015 மார்ச் 28. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ட்ராக். 'ஃப்ளூக்பிளாட்ஸ்'ங்கிற மேட்டில் ஜானின் கார் காற்றில் எழும்பி, தடுப்பைத் தாண்டி விழுந்தது. ரேஸ் பார்க்க வந்த ஒரு ரசிகர் உயிரிழந்தார்.

ஜானின் கதையை 2023-ல் 'கிரான் டூரிஸ்மோ' படமாகப் பார்த்திருப்பீங்க. அதில் விபத்து முதலில் வரும். லீ மான்ஸ் மேடை அப்புறம் வரும். துக்கத்துக்குப் பிறகு வெற்றி... சினிமாவுக்கு அது வசதி. நிஜத்தில் மேடை 2013-ல், மரணம் 2015-ல். அதை ஈடுகட்ட எந்தக் கோப்பையும் வரிசையில் காத்திருக்கலை. மூணு மாசத்துக்குள் ஜான் மறுபடி லீ மான்ஸில் ஓட்டினார். பிறகு ஜப்பானில் பல வருஷம் ரேஸ் ஓட்டினார். கேமில் கார் கவிழ்ந்தா ஒரு பட்டன் போதும். இங்கே நாம செய்ததையும், நம்ம கையை மீறி நடந்ததையும் சுமந்துக்கிட்டேதான் அடுத்த நாள் ஹெல்மெட் மாட்டணும்.

'தல' செய்த வேலை

லூகாஸ் முதல்ல இறங்கின அதே துபாய் ரேஸுக்கு, 2025 ஜனவரியில் நம்ம அஜித்குமார் சொந்த டீமோட போனார். 2010-ல் ஃபார்முலா 2 ஓட்டினவர், நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பினார். பயிற்சியில் அவரோட கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவை நீங்களும் பதறிப்போய் பார்த்திருப்பீங்க. நல்லவேளை, காயமில்லை. அதுக்கப்புறம் அவர் எடுத்த முடிவுதான் முக்கியம். டீமோட நலனுக்காக அந்த 992 பிரிவு காரில் தன் சீட்டை விட்டுக்கொடுத்துட்டு, ஜி.டி.4 பிரிவில் வேற காரை ஓட்டினார். அவர் இறங்கிக்கிட்ட அந்த கார் தன் பிரிவில் மூணாவது இடம் பிடிச்சது. மூவர்ணக் கொடியோட அவர் துள்ளினதை ஊரே பார்த்துச்சு!

வேகமா ஓட்டத் தெரிஞ்சவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க. அவங்கள்ல புரொஃபஷனல் யாரு? 'இந்தக் காரை நம்பி இவர் கையில் கொடுக்கலாம்'னு மத்த ரெண்டு பேர் நினைக்கிறவர். எப்போ இறங்கணும்னும் தெரிஞ்சவர்.

ஜி.டி. அகாடமி 2016-ஓட முடிஞ்சுபோச்சு. ஆனா, அது வெச்ச பரீட்சைக்கு ட்ராக்கும் தேவையில்லை, காரும் தேவையில்லை. அடுத்த குரூப் ப்ராஜெக்ட்லயே எழுதிப் பார்க்கலாம். உங்க முறை முடிஞ்சதும், கீறல் இல்லாம அடுத்தவர் கையில் கொடுப்பீங்களா?