செய்தியைத் தேக்கும் குளம்

வன்னி, குளங்களால் வாழும் நிலம். கிளிநொச்சியில் இரணைமடு, முல்லைத்தீவில் முத்தையன்கட்டு, வவுனியாவிற் பாவற்குளம் என்று பெருங்குளங்களை எண்ணத் தொடங்கினால், அவற்றைச் சூழ்ந்த சிறுகுளங்களைச் சொல்லி முடிக்கப் பொழுது போதாது. இக்குளங்கள் செய்யும் தொழில் யாது? வடகீழ்ப் பருவமழை தனக்குரிய காலத்திற் பெய்கிறது. பயிரோ தனக்கு வேண்டிய காலத்தில் நீர் கேட்கிறது. இவ்விரு காலங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பொருந்தாத இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, வருவதை வாங்கி வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவிற் கொடுப்பதே குளத்தின் தொழில். பெய்யும் மழை வயலைக் காத்திருக்க வேண்டியதில்லை; விளையும் வயல் மழையைக் காத்திருக்க வேண்டியதில்லை.

பெரிய நிறுவனங்களின் கணினிகளுக்கு நடுவேயும் இத்தகைய குளம் ஒன்று இன்று அமைக்கப்படுகிறது. அதற்குச் செய்தி இடைமென்பொருள் என்று பெயர். பெயர் கடினமாக ஒலிப்பினும் பொருள் எளிது. ஒரு மென்பொருளுக்கும் மற்றொரு மென்பொருளுக்கும் இடையே நின்று, செய்தியை வாங்கி வைத்து உரிய இடத்திற் சேர்க்கும் மென்பொருள் என்பதே அதன் பொருள். அது ஏன் வேண்டியதாயிற்று, எவ்வாறு வேலை செய்கிறது, அது தவறினால் யார் வருந்துவர் என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு நெல் ஆலை நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் நெற்கொள்வனவு நிலையம் கிளிநொச்சியில் இருக்கிறது. களஞ்சியம் வவுனியாவில் இருக்கிறது. தலைமை அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. பெரும்போக அறுவடை முடிந்து, ஒரு கமக்காரர் தம் நெல்லை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்கு வருகிறார். நெல்லின் ஈரப்பதம் பார்க்கப்படுகிறது, மூட்டைகள் நிறுக்கப்படுகின்றன, சிட்டை எழுதப்படுகிறது. அவர் வேண்டுவது ஒன்றே: தமது வங்கிக் கணக்கிற் பணம் வந்து சேர வேண்டும். அந்தப் பணத்தில் உரக்கடன் இருக்கிறது. அடகு வைத்த நகை இருக்கிறது. பிள்ளையின் பள்ளிச் செலவு இருக்கிறது.

அந்த ஒரு நிறுவைக்குப் பின்னே எத்தனை கணினி முறைகள் இயங்கவேண்டும் என்று பாருங்கள். நிறுவையைப் பதியும் முறை ஒன்று. களஞ்சிய இருப்பைக் காட்டும் முறை ஒன்று. லொறிகளை ஒழுங்கு செய்யும் முறை ஒன்று. கணக்கு முறை ஒன்று. பணம் செலுத்தும் முறை ஒன்று. விற்பனை முறை ஒன்று. இந்த ஆறும் ஒரே காலத்தில் ஒரே கையாற் செய்யப்பட்டவை அல்ல. ஒன்று இருபது ஆண்டுப் பழமையானது. மற்றொன்று சென்ற ஆண்டு வாங்கப்பட்டது. ஒன்று பேசும் மொழி மற்றொன்றுக்கு விளங்காது.

இவற்றை ஒன்றோடொன்று நேரே இணைத்துவிடலாமே என்று தோன்றும். தொடக்கத்திற் பலரும் அவ்வாறே செய்தனர். ஆனால், ஆறு முறைகளில் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றுடனும் இணைப்பதற்குப் பதினைந்து இணைப்புகள் வேண்டும். முறைகள் பத்தானால் இணைப்புகள் 45 ஆகும். இருபதானால் 190 ஆகும். ஒரு முறையில் ஒரு சிறு மாற்றம் செய்தாலும், அதனோடு தொடுத்த இணைப்புகள் யாவற்றையும் திருத்தவேண்டும். நடுவே ஒரு பொது இடம் இருக்குமாயின், ஒவ்வொரு முறையும் அதனோடு மட்டும் இணைந்தாற் போதும். இருபது முறைகளுக்கு இருபது இணைப்புகளே வேண்டும்.

எண்ணிக்கையினும் பெரிய இடையூறு ஒன்றுண்டு. நேர் இணைப்பு என்பது தொலைபேசி உரையாடல் போன்றது. பேசுபவரும் கேட்பவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கவேண்டும். கிளிநொச்சியில் நெல் நிறுக்கப்படும் அதே கணத்திற் கொழும்புக் கணினி பழுது பார்க்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது இடிமழையில் வழியிலே தொடர்பு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நிலையத்தில் வேலை நின்றுவிடும். கமக்காரர் நெல்லோடு வெளியே காத்திருப்பார்.

செய்தி வரிசை என்பது தொலைபேசி அன்று, தபால். அதிலும் பதிவுத் தபால். நிலையத்திலுள்ள முறை, ‘இன்னார் இன்ன நாளில் இத்தனை கிலோ நெல் கொடுத்தார்’ என்ற செய்தியை எழுதி இடைமென்பொருளிடம் ஒப்படைக்கிறது. இடைமென்பொருள் அதனை அழியாத சேமிப்பில் எழுதிவைத்த பின்னரே, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒப்புகை தருகிறது. அக்கணமே நிலையத்தின் பொறுப்பு நீங்கிவிடுகிறது. அடுத்த கமக்காரரை அழைக்கலாம். கொழும்புக் கணினி விழித்ததும், வரிசையிலுள்ள செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, தன் வேலையை முடித்து, ‘முடித்தேன்’ என்று தெரிவிக்கிறது. அதன் பின்னரே செய்தி வரிசையிலிருந்து நீக்கப்படும். இடையில் மின்சாரம் நின்றாலும், எழுதிவைத்த செய்தி அழியாது. நடுவிலுள்ள பொறியே பழுதானால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்காகவே ஒரே செய்தியின் படிகளை ஒன்றுக்கு மேற்பட்ட பொறிகளில் வைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

இம்முறையை வணிக உலகிற் பரவச் செய்தவற்றுள் முதன்மையானது, ஐ.பி.எம். நிறுவனம் 1993 இல் வெளியிட்ட எம்.கியூ. சீரீஸ் என்னும் மென்பொருள். ஒரே விற்பனையாளரிடம் கட்டுண்டு கிடக்கக் கூடாது என்ற எண்ணத்தினால், 2003 இல் ஜே.பி. மோர்கன் சேஸ் வங்கியில் ஜோன் ஓஹாரா என்பவர் யாவர்க்கும் பொதுவான ஒரு செய்தி நெறிமுறையை வகுக்கத் தொடங்கினார். ஏ.எம்.கியூ.பி. என்பது அதன் பெயர். அந்நெறியைப் பின்பற்றி 2007 இல் ரபிட் எம்.கியூ. தோன்றியது. 2011 இல் லிங்க்ட்இன் நிறுவனம் தன் தேவைக்காக ஆக்கிய கஃப்கா என்னும் மென்பொருளை உலகுக்குத் திறந்துவிட்டது.

இத்துறையில் நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. சஞ்சீவ வீரவரண அவர்களும் நண்பர்களும் 2005 இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனம், கொழும்பிலிருந்து இடைமென்பொருளை ஆக்கி, அதன் மூல நிரலை எவரும் படிக்கவும் பயன்படுத்தவும் திறந்துவைத்தது. ஈபே போன்ற உலகப் பெருநிறுவனங்களும் அதனைப் பயன்படுத்தின. 2024 இல் அந்நிறுவனத்தைச் சுவீடனைச் சேர்ந்த ஈ.கியூ.டி. முதலீட்டு நிறுவனம் வாங்கியது. இத்தொழிலுக்கு வேண்டியது பெருமுதல் அன்று, தெளிந்த சிந்தனையே என்பதற்கு இது சான்றாகும். வவுனியாவிலே பயிலும் மாணவர் ஒருவரும் அம்மூல நிரலை இறக்கிப் படிக்கலாம், திருத்தலாம், தமது நிறுவனத்துக்குப் பயன்படுத்தலாம்.

இனி, இவ்வேலையில் உள்ள சிக்கல்களைப் பார்ப்போம். முதலாவது, ஒரே செய்தி இருமுறை வருதல். கொழும்புக் கணினி கமக்காரருக்குப் பணத்தை அனுப்பிவிட்டு, ‘முடித்தேன்’ என்று சொல்ல வாயெடுக்கும் வேளையில் தொடர்பு அறுந்தது என்க. இடைமென்பொருள் என்ன நினைக்கும்? வேலை முடியவில்லை என்று கருதி, அதே செய்தியை மீண்டும் கொடுக்கும். பணம் இருமுறை போய்விடும். இதற்குப் பரிகாரம் ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் இடுவதாகும். வாங்குபவர் தாம் முடித்த எண்களைக் குறித்துவைத்து, அதே எண் மீண்டும் வந்தால், ‘இது முன்னரே முடிந்தது’ என்று ஒதுக்கிவிடவேண்டும். செய்தி தொலையாமற் பார்ப்பது இடைமென்பொருளின் கடன். இருமுறை வந்ததை அறிந்து தள்ளுவது பெறுபவரின் கடன். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் கணக்குப் பிழைக்கும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. நம் தேசிய அடையாள அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் உண்டு. 2016 முதல் வழங்கும் புதிய அட்டையிற் பன்னிரண்டு இலக்கங்கள் உண்டு, எழுத்து இல்லை. பழைய கணக்கு முறை பத்து இடங்களை மட்டுமே அறிந்திருக்குமாயின், புதிய அட்டை வைத்திருக்கும் இளைஞரின் எண்ணைத் தவறென்று தள்ளிவிடும். நடுவிலே நிற்கும் இடைமென்பொருள் இங்கே மொழிபெயர்ப்பாளராகவும் பணி செய்கிறது. இருவகை எண்ணையும் பொதுவான ஒரு வடிவத்துக்கு மாற்றி, அவரவர்க்கு விளங்கும் வடிவிற் கொடுக்கிறது. பெயர்களின் நிலையும் இதுவே. ஒருவரது பெயர் ஓர் இடத்தில் தமிழிலும், மற்றோர் இடத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு விதமாகவும், வேறோர் இடத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். மூன்றும் ஒருவரே என்பதை மனிதர் எளிதில் அறிவர். கணினிக்கு அதனை யாராவது கற்பிக்கவேண்டும்.

இது சிறு விடயம் என்று எண்ணற்க. 2009 இல் முடிந்த போரின்போது பலமுறை இடம்பெயர்ந்து, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் இழந்தவர்கள் வன்னியிற் பலர். ‘உங்கள் பெயர் பதிவில் இல்லை’ என்ற சொல்லை அவர்கள் போதிய அளவு கேட்டுவிட்டார்கள். இரு கணினிகள் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளாத குற்றத்துக்காக அவர்களை மறுபடியும் ஒரு சாளரத்தின் முன் நிறுத்துவது அறமாகாது.

எல்லாவற்றையும் வரிசையில் இட்டுவிடலாமோ எனின், அதுவும் பொருந்தாது. உடனே விடை வேண்டிய இடங்கள் உண்டு. ஒரு வங்கியின் அட்டையை மற்றொரு வங்கியின் பணப்பொறியில் இடும் வசதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லங்கா கிளியர் நிறுவனம் 2013 இல் வங்கிகளுக்குப் பொதுவான பணப்பொறி இணைப்பு மையத்தைத் தொடங்கியது. 2015 இல் வங்கிக்கு வங்கி உடனுக்குடன் பணம் அனுப்பும் முறையைத் தொடங்கியது. இங்கேயும் நடுவில் நிற்கும் ஒரு மையமே செய்திகளை வாங்கி உரிய வங்கிக்கு அனுப்புகிறது. ஆனால், பொறியின் முன் நிற்பவரை நாளை வாருங்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே, குறித்த நேரத்துள் விடை வராவிட்டால் அம்முயற்சியைக் கைவிட்டு, கணக்கிற் கழித்ததை மீட்டுச் சேர்க்கும் மறுசெய்தி அனுப்பப்படுகிறது. எது காத்திருக்கலாம், எது காத்திருக்கலாகாது என்று பிரித்தறிவதே இத்தொழிலின் முதற் பாடம்.

மீண்டும் குளத்துக்கு வருவோம். குளம் நீரைத் தேக்குவது உண்மை. ஆனால், எல்லையின்றித் தேக்காது. 2018 டிசம்பரிற் பெய்த பெருமழையில் இரணைமடு நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்துள் ஆழ்ந்ததை எவரும் மறந்திரார். செய்தி வரிசையும் அத்தகையதே. பெறும் கணினி நெடுநேரம் உறங்கினால் வரிசை வளரும். வளர்ந்து வளர்ந்து சேமிப்பிடம் நிரம்பும். அப்பால் புதிய செய்திக்கு இடமில்லை. எனவே, வரிசையின் நீளத்தை அளந்துகொண்டே இருக்கவேண்டும். அணைக்கட்டில் நீர்மட்டம் பார்ப்பவர் போல, இங்கும் ஒருவர் பார்த்திருக்கவேண்டும்.

இதனினும் கூர்ந்து பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. விலாசம் பிழையான கடிதத்தைத் தபாற் கந்தோர் தனியே எடுத்து வைப்பதுபோல, பலமுறை முயன்றும் ஏற்றுக்கொள்ளப்படாத செய்தியை இடைமென்பொருள் ஒரு தனி வரிசையில் ஒதுக்கிவைக்கும். மற்றச் செய்திகள் தடையின்றிச் செல்ல இது நல்ல ஏற்பாடே. ஆனால், அந்த ஒதுக்கு வரிசையை எவரும் திறந்து பார்க்காவிட்டால் என்னாகும்? பத்தாயிரம் செய்திகள் சரியாகப் போய்ச் சேர்ந்தன என்று அறிக்கை மகிழ்ச்சியோடு கூறும். ஒதுக்கிவைத்த மூன்று செய்திகளுள் ஒன்று, நாம் தொடக்கத்திற் கண்ட கமக்காரரின் நெல்லாக இருக்கலாம். நிலையம் அனுப்பிவிட்டேன் என்று சொல்லும், கொழும்பு வரவில்லை என்று சொல்லும், இரண்டும் உண்மையே. இரண்டு உண்மைகளுக்கும் நடுவே அவர் சிட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஆகவே, இடைமென்பொருளை அமைக்கும் எந்த நிறுவனமும், எத்தனை வேகம் என்று கேட்பதற்கு முன் வேறு மூன்றைக் கேட்பது நன்று. ஏற்றுக்கொண்ட செய்தி அழியாதிருக்குமா? இருமுறை வந்தால் அறியப்படுமா? ஒதுக்கப்பட்ட செய்தியை நாள்தோறும் பார்ப்பவர் யார்? முதல் இரண்டுக்கும் மென்பொருள் விடை சொல்லும். மூன்றாவதற்கு ஒரு மனிதரே விடை சொல்லவேண்டும். குளத்தைக் கட்டுவதோடு வேலை முடிவதில்லை என்பதும், துருசைத் திறக்கவும் கடைக்கோடி வயலுக்கு நீர் போய்ச் சேர்ந்ததா என்று நடந்து பார்க்கவும் ஆள் வேண்டும் என்பதும் வன்னிக் கமக்காரர் எவரும் அறிந்தவையே.